பட்டன் வரும்வரை பொறு: பிரவுசர் டெஸ்டிங் கேள்வி – பதில்

டெஸ்ட் காலையில் பாஸ், மாலையில் ஃபெயில். நடுவில் யாரும் கோடில் கை வைக்கவில்லை. ஸ்கிரிப்டே பிரவுசரை ஓட்டி வலைப்பக்கத்தைச் சோதிக்கும் பிரவுசர் ஆட்டோமேஷன் பற்றி வந்திருக்கும் கடிதங்கள் செலினியம், பிளேரைட் என்று வெவ்வேறு டூல்களைப் பற்றிப் பேசினாலும், அடியில் இருக்கும் புகார் இதுதான். அதனால் இந்த இதழில் பகுதி முழுவதையும் காத்திருத்தலுக்கே ஒதுக்கிவிட்டோம். கடிதங்களைச் சுருக்கியிருக்கிறோம்.

கேள்வி: செலினியத்தில் பைத்தான் ஸ்கிரிப்ட் எழுதுகிறேன். லாகின் ஆனதும் வரும் டாஷ்போர்டில் பட்டன் கண்ணுக்கு நன்றாகத் தெரிகிறது. ஸ்கிரிப்டோ ‘நோ சச் எலிமென்ட்’ என்று விழுகிறது. 5 விநாடி ஸ்லீப் போட்டால் ஓடுகிறது. இப்படியே போட்டுப் போட்டு 300 ஸ்லீப் சேர்ந்துவிட்டது. டீம் லீட் திட்டுகிறார். ஓடுகிற கோடில் என்ன தப்பு?
— வாசகர், கோயம்புத்தூர்

பதில்: முதலில் கணக்கு. 300 ஸ்லீப், தலா 5 விநாடி என்றால் 1,500 விநாடி. ஒவ்வொரு ரன்னிலும் 25 நிமிடம் ஸ்கிரிப்ட் சும்மா நிற்கிறது. சர்வர் அரை விநாடியில் பதில் தந்தாலும் 5 விநாடி போகும். ஒருநாள் சர்வர் 6 விநாடி எடுத்துக்கொண்டால் அப்போதும் டெஸ்ட் விழும். டீம் லீட் பக்கம் நியாயம் இருக்கிறது.

பட்டன் தெரிந்தும் ஏன் கிடைக்கவில்லை? முகவரியைக் கொடுத்து ‘கெட்’ செய்தால், பக்கத்தின் லோட் நிகழ்வு வரை செலினியம் தானே காத்திருக்கும். ஹெச்டிஎம்எல், ஸ்டைல்ஷீட், படங்கள், ஸ்கிரிப்ட் ஃபைல்கள் வந்திறங்கியதும் அந்த நிகழ்வு நடந்துவிடும். ரியாக்ட், ஆங்குலர், வியூ போன்றவற்றில் கட்டிய பக்கங்களில் உண்மையான வேலை அதற்குப் பிறகுதான் ஆரம்பம். முதலில் வருவது ஏறக்குறைய வெற்றுப் பெட்டி. பிறகு ஜாவாஸ்கிரிப்ட், சர்வரிடம் தரவு கேட்கும் வழியான ஏபிஐயைக் கூப்பிட்டு, பதில் வாங்கி, பட்டனை வரைகிறது. நீங்கள் திரையைப் பார்ப்பதற்குள் ஒன்றிரண்டு விநாடி ஓடியிருக்கும். ஸ்கிரிப்ட் சில மில்லி விநாடியிலேயே கேட்டுவிட்டு, இல்லை என்ற பதிலோடு விழுந்திருக்கும். லாகின் பட்டனை அழுத்தியபின் புதுப் பக்கமே லோட் ஆகாமல், அதே பக்கத்துக்குள் காட்சி மட்டும் மாறுகிற தளங்களில் செலினியம் காத்திருக்க லோட் நிகழ்வுகூட கிடையாது.

இந்த இடத்துக்கு உரியது எக்ஸ்ப்ளிசிட் வெயிட், அதாவது நீங்கள் சொல்லும் நிபந்தனை நிறைவேறும்வரை காத்திருப்பது. ‘வெப்டிரைவர்வெயிட்’டுக்கு டிரைவரையும் 10 என்ற உச்ச வரம்பையும் கொடுத்து, ‘அன்டில்’ உள்ளே நிபந்தனையை வையுங்கள். அது 0.5 விநாடிக்கு ஒருமுறை நிபந்தனையைச் சோதிக்கும். பட்டன் 1.2 விநாடியில் வந்தால் அடுத்த சோதனையிலேயே, அதாவது 1.5 விநாடி வாக்கில் ஸ்கிரிப்ட் நகர்ந்துவிடும். 10 விநாடியிலும் வராவிட்டால்தான் டைம்அவுட்.

பைத்தானில் புதிதாக எழுதுபவர்கள் இரண்டு இடத்தில் இடறுவார்கள். லொகேட்டரை, அதாவது எலிமென்ட்டை (பட்டன் போன்ற பக்க உறுப்பை) அடையாளம் காட்டும் ‘பை.ஐடி’யும் அதன் மதிப்பும் சேர்ந்த ஜோடியை, ஒரே டியூப்பிளாகக் கொடுக்க வேண்டும். அடைப்புக்குறி இரட்டையாக வரும். ஒற்றையாகப் போட்டால் ‘டைப்எரர்’ வரும். மற்றது, ‘அன்டில்’ திருப்பித் தருவதே அந்த எலிமென்ட்தான். அதை ஒரு மாறியில் வாங்கிக் கிளிக் செய்யாமல், அடுத்த வரியில் மறுபடி தேடுகிறவர்கள் நிறைய.

300 ஸ்லீப்பையும் ஒரே நாளில் பிடுங்க வேண்டாம். லாகின், சேமி, தேடு ஆகியவற்றுக்குப் பின்னால் இருப்பவற்றை முதலில் எடுங்கள். ஒவ்வொன்றிலும் பார்க்க வேண்டியது, அடுத்த வரி ஓட திரையில் எது இருந்தாக வேண்டும் என்பதைத்தான். அதுவே நிபந்தனை. அடிப்படை கிளாஸில் ‘காத்திருந்து கிளிக் செய்’, ‘காத்திருந்து எழுது’ என்று இரண்டு ஃபங்ஷன் எழுதிவைத்தால் பெரும்பாலான ஸ்லீப் தானாகப் போய்விடும்.

கேள்வி: இம்ப்ளிசிட் வெயிட் 10 விநாடி, எக்ஸ்ப்ளிசிட் வெயிட் 15 விநாடி வைத்திருக்கிறேன். எலிமென்ட் இல்லாதபோது 15-ல் நிற்காமல் 20 விநாடிக்கு மேல் போகிறது. கடிகாரம் தப்பா?
— வாசகர், திருச்சி

பதில்: கடிகாரம் சரி. இரண்டு வெயிட்டும் இருக்கும் இடம்தான் வேறு வேறு. இம்ப்ளிசிட் வெயிட் என்பது பிரவுசரை இயக்கும் குரோம்டிரைவர், கெக்கோடிரைவர் போன்ற டிரைவருக்கு நீங்கள் கொடுக்கும் உத்தரவு: ‘தேடியது கிடைக்காவிட்டால் உடனே இல்லை என்று சொல்லாதே, 10 விநாடி தேடிவிட்டுச் சொல்.’ எக்ஸ்ப்ளிசிட் வெயிட் உங்கள் கோடின் பக்கம் ஓடும் ஒரு லூப். கேட்கும், அரை விநாடி பொறுக்கும், மறுபடி கேட்கும். ஒவ்வொரு கேள்விக்கும் நடுவில்தான் மணி பார்க்கும். முதல் கேள்விக்கு டிரைவர் 10-வது விநாடியில் ‘இல்லை’ என்கிறது. 15 இன்னும் ஆகவில்லையே என்று அரை விநாடி கழித்து லூப் மறுபடி கேட்கிறது. அந்தக் கேள்வி டிரைவருக்குள் இன்னொரு 10 விநாடி மாட்டிக்கொள்கிறது. 20.5-ல் பதில் வந்தபிறகுதான் 15 எப்போதோ தாண்டியது லூப்புக்குத் தெரிகிறது. செலினியத்தின் அதிகாரபூர்வ ஆவணம் இதே 10, 15 எண்களை எடுத்துக்காட்டாக வைத்தே, இரண்டையும் கலக்காதீர்கள் என்று எச்சரிக்கிறது.

எங்கள் சிபாரிசு, இம்ப்ளிசிட்டை 0-வில் விடுவது. செலினியம் பின்பற்றும் வெப்டிரைவர் நெறிமுறையில் தொடக்க மதிப்பே அதுதான். 0-வில் விட இன்னொரு காரணமும் உண்டு. ‘பிழைச் செய்தி வரவில்லை’ என்று உறுதிசெய்ய ‘ஃபைண்ட் எலிமென்ட்ஸ்’ அழைத்து, பட்டியல் காலியா என்று பார்ப்போம். இம்ப்ளிசிட் 10 இருந்தால், காலிப் பட்டியலைத் தருவதற்கே டிரைவர் 10 விநாடி எடுத்துக்கொள்ளும். அப்படி 40 இடம் இருந்தால் 400 விநாடி போயிற்று. போதாக்குறைக்கு, இம்ப்ளிசிட் பார்ப்பது எலிமென்ட் டாம் மரத்தில், அதாவது பக்க உறுப்புகளைப் பிரவுசர் அடுக்கி வைத்திருக்கும் அமைப்பில், இருக்கிறதா என்பதை மட்டும். திரையில் தெரிகிறதா என்பதை அல்ல.

பழைய ஃபிரேம்வொர்க்கில் இந்த வரி எங்கோ ஓர் அடிப்படை கிளாஸில் ஒளிந்திருக்கும். ‘இம்ப்ளிசிட்’ என்று புராஜெக்ட் முழுக்கத் தேடிப்பாருங்கள். 0 ஆக்கியதும் சில டெஸ்ட் விழும். விழுந்த இடங்களில்தான் எக்ஸ்ப்ளிசிட் வெயிட் தேவைப்படுகிறது.

கேள்வி: ‘எலிமென்ட் டு பி கிளிக்கபிள்’ நிபந்தனை பாஸ் ஆகிறது. அடுத்த வரியில் கிளிக் செய்தால் ‘கிளிக் இன்டர்செப்டட்’. கிளிக் செய்யலாம் என்று சொல்லிவிட்டு ஏன் காலை வாருகிறது?
— வாசகர், சென்னை

பதில்: அந்த நிபந்தனை பெயரில் சொல்லும் அளவுக்கு எதையும் சோதிப்பதில்லை. எலிமென்ட் தெரிகிறதா, முடக்கப்படாமல் இருக்கிறதா என்ற இரண்டை மட்டும்தான் பார்க்கிறது. மேலே வேறொன்று மூடிக்கொண்டிருக்கிறதா என்று பார்ப்பதே இல்லை. அதைப் பார்ப்பது கிளிக் கட்டளை. எலிமென்ட்டின் மையப் புள்ளியில் வேறு ஏதாவது உட்கார்ந்திருந்தால், ‘இந்தக் கிளிக்கை வேறொரு எலிமென்ட் வாங்கிக்கொள்ளும்’ என்று சொல்லி மறுக்கும். அந்தச் செய்தியிலேயே மூடியிருப்பது எது என்று அதன் டேகும் கிளாஸும் பெரும்பாலும் எழுதியிருக்கும். ஸ்டாக் டிரேஸின் தலைப்பை மட்டும் படித்துவிட்டு மூடிவிடாதீர்கள்.

மூடுவது பெரும்பாலும் மூன்றில் ஒன்று.

முதலாவது, பக்கத்தின் அடியில் ஒட்டிக்கொண்டிருக்கும் குக்கீ அனுமதிப் பட்டை. கிளிக் செய்யுமுன் எலிமென்ட்டைத் திரைக்குள் கொண்டுவர ஸ்க்ரோல் செய்யும்போது, வெப்டிரைவர் நெறிமுறைப்படி அது திரையின் கீழ் விளிம்பை ஒட்டித்தான் வந்து நிற்கும். பட்டையும் சரியாக அங்கேதான் இருக்கிறது. டெஸ்டின் தொடக்கத்திலேயே அந்தப் பட்டையை மூடுங்கள். அல்லது சம்மதக் குக்கீயை முன்கூட்டியே பிரவுசரில் ஏற்றிவிடுங்கள். அதுவும் முடியாவிட்டால் ஜாவாஸ்கிரிப்டில் ‘ஸ்க்ரோல் இன்டு வியூ’வை ‘சென்டர்’ என்ற விருப்பத்தோடு அழைத்து, எலிமென்ட்டைத் திரையின் நடுவுக்குக் கொண்டுவந்து கிளிக் செய்யுங்கள்.

இரண்டாவது, அசைவு. பூட்ஸ்டிராப் என்ற வடிவமைப்புத் தொகுப்பின் மோடல் பெட்டி மேலிருந்து இறங்கி நிற்க 0.3 விநாடி ஆகும். அந்த நேரத்தில் பட்டன் தெரியும், ஆனால் இடம் மாறிக்கொண்டே இருக்கும். டெஸ்ட் சூழலில் அசைவையே நிறுத்திவிடுவது நல்லது. குரோமுக்கு ‘ஃபோர்ஸ் பிரிஃபர்ஸ் ரெட்யூஸ்ட் மோஷன்’ என்ற தொடக்க விருப்பம் இருக்கிறது. பூட்ஸ்டிராப் உட்பட, அந்த அமைப்பை மதிக்கும் பக்கங்களில் அசைவு அடங்கிவிடும்.

மூன்றாவதுதான் தலைவலி: லோடிங் ஸ்பின்னரும் அதோடு திரை முழுக்க விரியும் சாம்பல் திரையும். எல்லோரும் ‘ஸ்பின்னர் மறையும்வரை காத்திரு’ என்று ‘இன்விசிபிலிட்டி’ நிபந்தனை எழுதுவார்கள். அது பத்தில் எட்டு முறை வேலை செய்து ஏமாற்றும். ஸ்டாண்டில் பஸ் இல்லை என்றால் போய்விட்டது என்றும் பொருள், இன்னும் வரவில்லை என்றும் பொருள். சேமி பட்டனை அழுத்தி 20 மில்லி விநாடியில் நீங்கள் கேட்கிறீர்கள். ஸ்பின்னர் இன்னும் தோன்றவே இல்லை. ‘மறைந்திருக்கிறது’ என்று நிபந்தனை உடனே பாஸ். அடுத்த வரி கிளிக் செய்யப் போகும்போது ஸ்பின்னர் வந்து மூடுகிறது. முதலில் ஸ்பின்னர் தோன்றக் காத்திருந்து, பிறகு மறையக் காத்திருக்கலாமே என்றால், சர்வர் வேகமாக இருக்கும் நாளில் ஸ்பின்னர் வந்துபோனதே தெரியாமல் முதல் வெயிட் தொங்கிவிடும். ஆகவே ஸ்பின்னரை விட்டுவிட்டு, வேலை முடிந்ததற்கான நேரடி அடையாளத்தைப் பிடியுங்கள்: ‘சேமிக்கப்பட்டது’ என்ற செய்தி, பட்டியலில் புது வரிசை, முகவரியில் வந்து சேரும் புது எண்.

கூகுளில் தேடினால் ‘ஜாவாஸ்கிரிப்ட் கிளிக் போடு, சரியாகிவிடும்’ என்ற வைத்தியம் கிடைக்கும். போட்டால் பாஸ் ஆகத்தான் செய்யும், ஏனென்றால் அது மூடியிருப்பதைக் கண்டுகொள்ளாமல் நேராக எலிமென்ட்டுக்கே நிகழ்வை அனுப்புகிறது. நிஜப் பயனரால் அழுத்த முடியாத பட்டனையும் அது அழுத்தும். அதைக் கண்டுபிடிக்கத்தான் டெஸ்டே எழுதுகிறோம்.

கேள்வி: அட்டவணையில் ஃபில்டர் மாற்றியதும் ‘ஸ்டேல் எலிமென்ட்’ பிழை வருகிறது. எப்போதாவதுதான் வருகிறது.
— வாசகர், மதுரை

பதில்: நீங்கள் கையில் வைத்திருப்பது பழைய வரிசையின் டோக்கன். ஃபில்டர் மாறியதும் பக்கம் அந்த வரிசைகளைத் தூக்கி எறிந்துவிட்டுப் புதிதாக வரைகிறது. டோக்கன் காட்டும் ஆள் டாமில் இல்லை. எறிவதற்கு முன்பே படித்துவிட்டால் பாஸ், பின்னால் படித்தால் ஃபெயில். அதனால்தான் எப்போதாவது.

எலிமென்ட்டை மாறியில் வைத்துச் சுமக்காமல் லொகேட்டரை வைத்துக்கொண்டு தேவைப்படும்போது தேடுவது முதல் பழக்கம். ஜாவாவில் செலினியத்தின் பேஜ்ஃபேக்டரி வசதி இப்படித்தான் ஒவ்வொரு முறையும் புதிதாகத் தேடும். மேலே ‘கேஷ் லுக்அப்’ என்ற குறிப்பைப் போட்டிருந்தால் தேடாது, அதை எடுத்துவிடுங்கள்.

ஃபில்டருக்கான வழக்கமான மருந்து: மாற்றும் முன் முதல் வரிசையைப் பிடித்துக்கொண்டு, மாற்றிவிட்டு, ‘ஸ்டேல்னஸ் ஆஃப்’ நிபந்தனையால் அது போகும்வரை காத்திருந்து, பிறகு புது வரிசையைத் தேடுவது. ஒரு பொறி இருக்கிறது. ரியாக்ட் போன்றவை பழைய வரிசை எலிமென்ட்டையே வைத்துக்கொண்டு உள்ளே இருக்கும் எழுத்தை மட்டும் மாற்றவும் செய்யும். அப்போது பழையது ‘ஸ்டேல்’ ஆகவே ஆகாது, வெயிட் 10 விநாடியும் தொங்கி விழும். அந்தத் தளங்களில் ‘மொத்தம் 42 பதிவுகள்’ மாதிரியான எண்ணிக்கை மாறுகிறதா, அல்லது முதல் வரிசையின் எழுத்து மாறுகிறதா என்று பாருங்கள்.

சொந்தமாக லாம்டா (பெயரில்லாத ஒருவரி ஃபங்ஷன்) நிபந்தனை எழுதுகிறவர்களுக்கு ஒரு குறிப்பு. பைத்தானின் வெப்டிரைவர்வெயிட் தானாக மன்னிப்பது ‘நோ சச் எலிமென்ட்’ ஒன்றை மட்டும். ‘ஸ்டேல்’ வந்தால் காத்திருக்காமல் அங்கேயே வெடிக்கும். ‘இக்னோர்ட் எக்ஸெப்ஷன்ஸ்’ பட்டியலில் அதையும் சேர்த்துக் கொடுங்கள்.

கேள்வி: மாநிலத்தைத் தேர்ந்தெடுத்தால் மாவட்டங்கள் இறங்கும் டிராப்டவுன். இரண்டாவது பட்டியலில் ஆப்ஷன் 1-க்கு மேல் வரும்வரை காத்திருக்கிறேன். ஆனாலும் சில நேரம் தவறான மாவட்டங்கள்.
— வாசகர், சேலம்

பதில்: முதல் தேர்வுக்கு உங்கள் நிபந்தனை போதும், ‘தேர்ந்தெடுக்கவும்’ என்ற ஒரே வரி மட்டும் இருந்த பட்டியல் நிரம்பிவிட்டது என்று அர்த்தம். இரண்டாவது தேர்வில்தான் சிக்கல். தமிழ்நாட்டிலிருந்து கேரளாவுக்கு மாற்றும்போது பழைய 38 மாவட்டங்கள் பட்டியலிலேயே இருக்கின்றன, 1-க்கு மேல் என்ற நிபந்தனை அந்த நொடியே பாஸ். எண்ணிக்கை 15 ஆகும்வரை, அதாவது கேரளாவின் 14 மாவட்டமும் ‘தேர்ந்தெடுக்கவும்’ வரியும் சேரும்வரை காத்திருக்கலாம். அதைவிட, நீங்கள் தேர்வு செய்யப்போகும் ‘எர்ணாகுளம்’ என்ற ஆப்ஷன் வரும்வரை காத்திருப்பது மேல். மாவட்ட எண்ணிக்கை மாறினாலும் டெஸ்ட் நிற்கும். பட்டியல் உண்மையான செலக்ட் டேகால் ஆனதல்ல, டிவ்களால் செய்த அலங்காரப் பட்டியல் என்றால் செலினியத்தின் ‘செலக்ட்’ கிளாஸ் அதை ஏற்காது. திறக்கக் கிளிக், ஆப்ஷன் தெரியக் காத்திருப்பு, ஆப்ஷன் மேல் கிளிக் என்று நீங்களே எழுத வேண்டும்.

கேள்வி: என் லேப்டாப்பில் 50 முறை ஓட்டினாலும் பாஸ். டெஸ்டுகளைத் தானாக ஓட்டும் சிஐ சர்வரில் மூன்று முறைக்கு ஒரு முறை ஃபெயில். டைம்அவுட்டை 60 ஆக்கியும் பயனில்லை.
— வாசகர், பெங்களூரு

பதில்: 60 ஆக்கியும் விழுகிறது என்றால் அது காத்திருப்புப் பிரச்சினையாக இருக்க வாய்ப்பு குறைவு. விழும் கணத்தில் ஸ்கிரீன்ஷாட்டும் பக்கத்தின் ஹெச்டிஎம்எல்லும் சேமிக்கும்படி முதலில் வையுங்கள். ஊகிப்பதைவிடப் படத்தைப் பார்ப்பது வேகம்.

படத்தில் மெனு மடங்கி மூன்று கோடாக இருந்தால், திரை அளவு. விண்டோவைக் காட்டாமல் ஓடும் ஹெட்லெஸ் குரோம் பழைய முறையில் 800×600-ல் திறக்கும். அந்த அகலத்தில் உங்கள் பட்டன் மெனுவுக்குள் ஒளிந்துவிடும். எத்தனை நேரம் காத்திருந்தாலும் தெரியாது. விண்டோ அளவை 1920×1080 என்று நீங்களே கொடுங்கள். லாகின் பக்கம் தெரிந்தால் செஷன் போயிருக்கிறது; இணையாக ஓடும் இன்னொரு டெஸ்ட் அதே பயனர் கணக்கில் லாக்அவுட் செய்கிறதா என்று பாருங்கள். ஸ்பின்னர் சுற்றிக்கொண்டே இருந்தால் ஏபிஐ பதில் தரவில்லை. பிரவுசர் கன்சோல் லாகை எடுங்கள். டேப் கிராஷ் என்று வந்தால், புரோகிராம்களைத் தனித்தனிக் கன்டெய்னருக்குள் ஓட்டும் டாக்கரைச் சந்தேகியுங்கள்: கன்டெய்னருக்கு டாக்கர் தரும் பகிர்வு நினைவகம் வெறும் 64 எம்பி, குரோமுக்கு அது போதாது. ‘எஸ்ஹெச்எம் சைஸ்’ விருப்பத்தில் 2 ஜிபி கொடுங்கள்.

படத்தில் எல்லாம் சரியாக, பட்டனும் தெரிந்தால் மட்டுமே அது பக்கத்துக்கும் ஸ்கிரிப்டுக்கும் நடுவில் யார் முந்துவது என்ற நேரப் போட்டி. அதை லேப்டாப்பிலேயே வரவழைக்கலாம். குரோம் டெவ்டூல்ஸில் சிபியுவை 4 அல்லது 6 மடங்கு மெதுவாக்கும் வசதியும் நெட்வொர்க்கைக் குறைக்கும் வசதியும் உண்டு. மெதுவாக்கி, கையாலேயே அந்த அடிகளைச் செய்துபாருங்கள். எந்தக் கணத்தில் பக்கம் பாதி வரைந்த நிலையில் நிற்கிறது என்பது கண்ணுக்கே தெரியும். இரண்டு கோர் உள்ள சிஐ மெஷினில் நான்கு குரோமை இணையாக ஓட்டுகிறீர்களா என்றும் பாருங்கள்.

கேள்வி: பிளேரைட்டுக்கு மாறிவிட்டோம். அதில் எல்லாம் தானாகக் காத்திருக்குமாம். இனி வெயிட் பற்றி யோசிக்கவே வேண்டாமா?
— வாசகர், கொழும்பு

பதில்: பாதிப் பாரம் குறையும். 2004-ல் செலினியம் தொடங்கியபோது பெரும்பாலான பக்கங்கள் சர்வரிலிருந்தே முழுதாக வந்தன. 2020-ல் மைக்ரோசாஃப்ட் வெளியிட்ட பிளேரைட், பக்கம் பிரவுசருக்குள் கட்டப்படும் காலத்துப் பிள்ளை. கிளிக் செய்யுமுன் எலிமென்ட் தெரிகிறதா, அடுத்தடுத்த இரண்டு பிரேமில் ஒரே இடத்தில் நிற்கிறதா, முடக்கப்படாமல் இருக்கிறதா, கிளிக் அதற்கே போய்ச் சேருமா என்று நான்கையும் பார்க்கும். சென்னை வாசகரின் அசைவுத் தொல்லை இதில் இல்லை. ‘எக்ஸ்பெக்ட்’ சோதனைகளும் தொடக்க அமைப்பில் 5 விநாடி வரை திரும்பத் திரும்பப் பார்க்கும்.

காத்திருக்காதவையும் இருக்கின்றன. ‘இஸ் விசிபிள்’ அந்தக் கணத்தின் பதிலை உடனே தந்துவிடும். அதை ‘இஃப்’புக்குள் வைத்து எழுதிய டெஸ்ட் பாதி நாள் ஒரு கிளையிலும் பாதி நாள் மறு கிளையிலும் ஓடும். ‘ஆல்’ என்று எல்லா வரிசைகளையும் கேட்டால் அப்போது இருப்பவற்றை மட்டும் தரும், காலியாக இருந்தால் காலிதான். முதலில் ‘டு ஹேவ் கவுன்ட்’ சோதனையால் எண்ணிக்கையை உறுதிசெய்துவிட்டுக் கேளுங்கள். ஜாவாஸ்கிரிப்டில் ‘எக்ஸ்பெக்ட்’ முன்னால், முடியும்வரை பொறுக்கச் சொல்லும் ‘அவெயிட்’ விட்டுப்போனால் சோதனை முடியுமுன்பே டெஸ்ட் பாஸ் ஆகிவிடலாம். இது விழும் டெஸ்டைவிட ஆபத்து. கோடில் தப்பைத் தேடித்தரும் லின்ட்டரில் ‘நோ ஃபுளோட்டிங் பிராமிஸஸ்’ விதியைப் போட்டுவையுங்கள்.

ஏபிஐ பதிலுக்குக் காத்திருக்கும்போது வரிசை முக்கியம். கிளிக் செய்துவிட்டு ‘வெயிட் ஃபார் ரெஸ்பான்ஸ்’ எழுதினால், பதில் அதற்குள் வந்து போயிருக்கலாம். காத்திருப்பை ‘அவெயிட்’ இல்லாமல் முதலில் தொடங்கி ஒரு மாறியில் வைத்து, பிறகு கிளிக், பிறகு அந்த மாறியை ‘அவெயிட்’ செய்யுங்கள். சைப்ரஸ் என்ற இன்னொரு டூலிலும் இதே கதைதான்: ‘இன்டர்செப்ட்’ முதலில், கிளிக் பிறகு.

‘நெட்வொர்க் ஐடில்’ என்ற அமைப்பை நம்ப வேண்டாம். 500 மில்லி விநாடி நெட்வொர்க் அமைதியாக இருந்தால் பக்கம் தயார் என்று அது நினைக்கிறது. பின்னணியில் அடிக்கடி சர்வரை விசாரிக்கும் பக்கத்தில் அந்த அமைதி வரவே வராது. இரண்டு ஏபிஐக்கு நடுவே 600 மில்லி விநாடி கணக்குப் போடும் பக்கத்தில் சீக்கிரமே வந்துவிடும். பிளேரைட் ஆவணமே டெஸ்டுக்கு இதைப் பயன்படுத்த வேண்டாம் என்கிறது.

எந்த டூலும் தானாகப் பிடிக்காத ஒன்று மீதி இருக்கிறது. சர்வரில் வரைந்து அனுப்பப்படும் பக்கங்களில் பட்டன் முதலிலேயே தெரியும், அழுத்தவும் முடியும். ஆனால் அதன் ஜாவாஸ்கிரிப்ட் இன்னும் ஒட்டப்பட்டிருக்காது. இந்த ஒட்டும் வேலையைத்தான் ஹைட்ரேஷன் என்கிறார்கள். நான்கு சோதனையும் பாஸ், கிளிக்கும் பாஸ், எதுவும் நடக்கவில்லை. ஹைட்ரேஷன் முடியும்வரை பட்டனை ‘டிஸேபிள்ட்’ ஆக வைக்கச் சொல்லி டெவலப்பரிடம் கேளுங்கள். மெதுவான போன் வைத்திருக்கும் நிஜப் பயனருக்கும் அதே கிளிக் தொலைகிறது, ஆகவே இது டெஸ்டுக்காகக் கேட்கும் சலுகை அல்ல.

கேள்வி: டைம்அவுட் எத்தனை வைக்கலாம்? ஃபெயில் ஆனால் மூன்று முறை மறுபடி ஓட்டுவது சரியா?
— வாசகர், திருநெல்வேலி

பதில்: நிபந்தனைக்குக் காத்திருக்கும்போது பெரிய எண்ணால் நஷ்டம் ஃபெயில் ஆகும்போது மட்டும்தான். திரைக்கு 10 விநாடி, அறிக்கை தயாரிப்பது போன்ற கனமான வேலைக்கு 30 என்று இரண்டே மாறிலி வைத்து ஒரே ஃபைலில் வையுங்கள். அலகைக் கவனியுங்கள். செலினியம் பைத்தானில் 10 என்றால் விநாடி. பிளேரைட்டின் ஜாவாஸ்கிரிப்டிலும் சைப்ரஸிலும் 10 என்றால் மில்லி விநாடி. செலினியம் 4 ஜாவாவில் வெறும் எண் செல்லாது, ‘டியூரேஷன்’ கொடுக்க வேண்டும். சைப்ரஸின் தொடக்க அளவு 4 விநாடி; மெதுவான டெஸ்ட் சர்வருக்கு அது இறுக்கம்.

மறு ஓட்டம் ஒரு முறை போதும். பிளேரைட்டில் இரண்டாம் முறை பாஸ் ஆனது ‘ஃபிளேக்கி’ (நிலையற்றது) என்று தனியே குறிக்கப்படும். அந்தப் பட்டியலை வாரம் ஒருமுறை யாராவது படிக்க வேண்டும். படிக்க ஆள் இல்லை என்றால் மறு ஓட்டத்தையே அணைத்துவிடலாம்.

கேள்வி: தமிழ்ப் பக்கம். ‘கொள்முதல் முடிந்தது’ என்ற எழுத்து வரும்வரை காத்திருக்கிறேன். திரையில் அதே எழுத்து நிற்கிறது, ஆனாலும் டைம்அவுட்.
— வாசகர், தஞ்சாவூர்

பதில்: கண்ணுக்கு ஒன்று, கம்ப்யூட்டருக்கு இரண்டு. ‘கொ’வின் ஒகரக் குறியை யூனிகோடில் ஒரே குறியாக எழுதலாம், அதன் எண் 3018. ஒற்றைக்கொம்பும் காலுமாக, 3014, 3006 என்று இரண்டாகவும் எழுதலாம். திரையில் வித்தியாசம் தெரியாது. பழைய எழுத்துருக்களிலிருந்து மாற்றி ஏற்றிய தரவில் பிரிந்து கிடக்க வாய்ப்பு உண்டு. உங்கள் கீபோர்டு ஒற்றைக் குறியைத் தருகிறது. ஒப்பிட்டால் பொருந்தாது. பைத்தானில் ‘ஆர்ட்’ ஃபங்ஷனால் இரு பக்க எழுத்தையும் ஒவ்வொன்றாக எண்ணாக அச்சிட்டால் புலப்பட்டுவிடும்.

ஒப்பிடும் முன் இரு பக்கத்தையும், பிரிந்த குறிகளை ஒன்றாக்கும் ‘என்எஃப்சி’ முறையில் நார்மலைஸ் செய்யுங்கள். பைத்தானில் ‘யூனிகோட்டேட்டா’, ஜாவாவில் ‘நார்மலைசர்’, ஜாவாஸ்கிரிப்டில் சரத்தின் மீதே ‘நார்மலைஸ்’. செலினியத்தோடு கூடவே வரும் ‘டெக்ஸ்ட் டு பி பிரசென்ட்’ நிபந்தனை இதைச் செய்யாது, சொந்த லாம்டா எழுத வேண்டும். ஒகர, ஓகார, ஔகாரம் மூன்றுக்கும் இது தீர்வு. ‘கௌரி’ என்பதைக் ‘கெளரி’ என்று ளகர எழுத்தை வைத்து அடித்திருந்தால் எந்த நார்மலைசேஷனும் காப்பாற்றாது, அது எழுத்துப் பிழை; பக் போடுங்கள். எண் 8204 எங்காவது தலைகாட்டினால் அது கண்ணுக்குத் தெரியாத இணைப்புத் தடுப்புக் குறி, வேறு இடத்திலிருந்து ஒட்டும்போது கூடவே வந்திருக்கும்.

முடிந்த இடத்திலெல்லாம் எழுத்தை நம்பாமல், டெவலப்பரிடம் ‘டேட்டா டெஸ்ட்ஐடி’ போன்ற ஒரு பண்பைப் போடச் சொல்லி அதற்குக் காத்திருங்கள். எழுத்து சரியா என்பதைத் தனியாக ஒரே டெஸ்டில் பார்த்துக்கொள்ளலாம்.

கேள்வி: சேமித்ததும் இரண்டு விநாடி தோன்றி மறையும் செய்திக்கு லொகேட்டர் எழுதவே முடியவில்லை. இன்ஸ்பெக்ட் செய்வதற்குள் போய்விடுகிறது.
— வாசகர், ஈரோடு

பதில்: டெவ்டூல்ஸ் கன்சோலில், 3,000 மில்லி விநாடி கழித்து ‘டீபக்கர்’ கட்டளை ஓடும்படி ஒரு ‘செட் டைம்அவுட்’ எழுதி என்டர் தட்டுங்கள். உடனே பக்கத்துக்குப் போய்ச் சேமி பட்டனை அழுத்துங்கள். செய்தி திரையில் நிற்கும்போது பக்கம் அப்படியே உறைந்துவிடும். எலிமென்ட்ஸ் பகுதிக்குப் போய் ஆற அமர லொகேட்டர் எழுதலாம். கிளிக் வெளியே போனதும் மூடிக்கொள்ளும் பட்டியல் என்றால், ரெண்டரிங் பகுதியில் ‘எமுலேட் எ ஃபோகஸ்ட் பேஜ்’ என்பதை டிக் செய்தாலே பெரும்பாலும் போதும். டெஸ்டில் அந்தச் செய்திக்கு மட்டும் சோதனை இடைவெளியை 0.5-லிருந்து 0.1 விநாடியாகக் குறைத்துக்கொள்ளுங்கள்.